படிப்பு பிடிக்கவில்லையா, ஊர் பிடிக்கவில்லையா?

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். இரவு ஒன்பதரை மணிக்கு டிபிஎஸ் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். என் அக்காள், அத்தான், நான், எங்களுக்கு நடுவில் பெட்டியைப் பிடித்தபடி அக்காள் மகள். கிழக்குக்கரைப் பேருந்துக்கு அழைப்பு வந்தது. அவள் அசையவில்லை.

“சித்தி, நான் போகல. இங்கேயே ஏதாவது காலேஜ்ல சேர்த்துவிடச் சொல்லுங்க.”

அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. மகளுக்குப் பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது கோயிலில் அர்ச்சனை செய்து, எங்கள் தாமான் முழுக்க லட்டு கொடுத்தவர் அவர். “யூபியூ முடிவு வந்த அன்னைக்கு எத்தனை பேர் அழுதாங்க தெரியுமா? கிடைச்ச இடத்தை விட்டுட்டு வரேங்கிறியா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்தான் சமாதானம் செய்பவளாக, “முதல் வருஷம் எல்லாருக்கும் அப்படித்தான்மா இருக்கும், பழகிடும்” என்றேன். அவள் ஏறிப் போய்விட்டாள். அந்த ஏழு மணி நேரமும் தூங்கவில்லை என்று பிறகு சொன்னாள்.

நான் சொன்னது பாதிதான் சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது.

பட்டப்படிப்பு மாணவர்கள் அக்டோபர் வாக்கில் பல்கலைக்கழகத்தில் கால் வைக்கிறார்கள். அடுத்த சில வாரங்களில் தீபாவளி வந்துவிடுகிறது. வீட்டுச் சாப்பாடு, தம்பி தங்கை, சொந்தக் கட்டில் எல்லாவற்றையும் நான்கைந்து நாள் அனுபவித்துவிட்டுத் திரும்பும்போதுதான் பிள்ளைகளுக்கு உண்மையாகவே வலிக்கிறது. ‘வேறு இடத்துக்கு மாறிவிடுகிறேன்’ என்ற பேச்சு நம் வீடுகளில் இந்தச் சமயத்தில்தான் அதிகம் கேட்கிறது. மெட்ரிகுலேஷன் முடித்த பிள்ளைகளுக்கு விடுதி வாழ்க்கை ஓரளவு பழகியிருக்கும். ஆறாம் படிவம் வரை வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போய்வந்தவர்களுக்கு இதுதான் முதல் பிரிவு. எங்கள் பெண் எஸ்டிபிஎம் எழுதியவள்.

தொலைபேசியில் அவள் அழுவதும் நான் ஆறுதல் சொல்வதுமாக இரண்டு வாரம் போனது. பிறகு ஒரு நாள், “உனக்கு அங்கே பிடிக்காததையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு” என்றேன். பதினொரு விஷயம் எழுதியிருந்தாள். அதில் ஏழு, ஊரைப் பற்றியவை. தமிழ்ச் சாப்பாடு வேண்டுமென்றால் கிராப் பிடித்து நகரத்துக்குப் போக வேண்டும். கிளந்தானிலும் திரங்கானுவிலும் வார விடுமுறை வெள்ளி, சனி. வீட்டில் எல்லாரும் ஓய்வாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இவள் விரிவுரையில் இருப்பாள். இவள் வெள்ளிக்கிழமை அறையில் தனியாக இருக்கும்போது அம்மா வேலையில் இருப்பார். இரண்டு விஷயம் அறைத்தோழிகளைப் பற்றியவை. மீதி இரண்டுதான் படிப்பைப் பற்றியவை. அவள் விரும்பியது கணக்கியல். கிடைத்ததோ ஐந்தாவது தெரிவாகப் போட்டிருந்த சுற்றுலா நிர்வாகம்.

அந்தத் தாளை இரண்டு மூன்று முறை படித்த பிறகுதான் எனக்குத் தெளிந்தது. ஊர் பழகிவிடும். அறைத்தோழியை மாற்ற விடுதி அலுவலகத்தில் கேட்கலாம். ஆனால் பிடிக்காத பாடத்தை நான்கு வருடம் படிப்பது தானாகப் பழகிவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘காலேஜ் மாறணும்’ என்று அவள் சொன்னாள். அதே மூட்டையைப் பிரிக்காமல், ‘பழகிடும்’ என்று நான் திருப்பிக் கொடுத்தேன்.

மாறுவது என்றால் என்னென்ன வழி இருக்கிறது என்று அதன் பிறகுதான் விசாரித்தோம். ஒரு பொதுப் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு நடுவில் தாவுவது நம் நாட்டில் சுலபமில்லை. பெரும்பாலும், இருக்கும் இடத்தை விட்டு விலகி மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதாகத்தான் அது முடியும். அதே பல்கலைக்கழகத்துக்குள் வேறு துறைக்கு மாறுவது நடக்கக்கூடியது. பல பல்கலைக்கழகங்களில் முதல் தவணையோ முதல் ஆண்டோ முடிந்த பிறகே அதற்கு விண்ணப்பிக்கலாம். காலியிடம் இருக்க வேண்டும். பிஎன்ஜிகே எனப்படும் சராசரிப் புள்ளியும் நன்றாக இருக்க வேண்டும்.

பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ‘எப்படியும் போகப் போகிறேன்’ என்ற நினைப்பில் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். ஒப்படைப்புகளை அனுப்புவதில்லை. தவணை முடிவில் புள்ளி சரிந்துவிடுகிறது. துறை மாறக் கேட்டால் புள்ளி போதாது. தனியார் கல்லூரிக்குப் போனால் படித்த பாடம் கணக்கில் சேராது. வெளியே போகும் கதவைத் தாங்களே சாத்திவிடுகிறார்கள். போக விரும்பும் பிள்ளைதான் அந்த முதல் தவணையை மற்றவர்களைவிட நன்றாக எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, “என்ன சித்தி, இது அநியாயமா இருக்கே” என்றாள். அநியாயம்தான்.

தனியார் கல்லூரிக்கு மாறும்போது படித்த பாடங்களை எடுத்துப்போகலாம் என்பது பாதி உண்மை. மலேசியத் தகுதி ஆணையமான எம்கியூஏ வகுத்த பொது வழிகாட்டியின்படி, ஒரு பாடத்தில் குறைந்தது ‘சி’ எடுத்திருக்க வேண்டும். புதிய இடத்தில் உள்ள பாடத்தோடு அதன் உள்ளடக்கம் 80 விழுக்காடாவது ஒத்துப்போக வேண்டும். அதன் பிறகும் ஏற்பதா வேண்டாமா என்பது புதிய கல்லூரியின் முடிவு. என் தோழியின் மகன் பொறியியலை விட்டுவிட்டு, கிள்ளானில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரியில் வணிகம் படிக்க வந்தான். ஒன்பது பாடம் முடித்திருந்தான். ஏற்றுக்கொண்டது மூன்று, மூன்றும் எல்லாத் துறையினரும் எடுக்கும் பொதுப் பாடங்கள். சேர்க்கைப் பிரிவில் இருந்தவர் முதலில், “எல்லாம் கொண்டு வரலாம், கவலைப்படாதீங்க” என்று சொன்னாராம். வாயால் சொன்னதை நம்பிப் பழைய இடத்தில் விலகல் கடிதம் கொடுத்துவிடாதீர்கள். எந்தெந்தப் பாடம் ஏற்கப்படும் என்பதைக் கடிதமாக வாங்கிக்கொண்ட பிறகு விலகுவதைப் பற்றி யோசிக்கலாம்.

பிடிபிடிஎன் கடனும் இருக்கிறது. அது பிள்ளையோடு தானாக நடந்து வராது. மாற்றத்தைத் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும். படிப்பை நிறுத்தினாலும் அதுவரை வாங்கிய பணம் கடனாகவே நிற்கும். பொதுப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கும் தனியார் கட்டணத்துக்கும் உள்ள தூரத்தைச் சொல்லத் தேவையில்லை. இதையெல்லாம் பிள்ளையிடம் மிரட்டலாகச் சொல்லாமல் கணக்காக எழுதிக் காட்டினால் அவர்களுக்குப் புரிகிறது. அத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அவளோடு வீடியோ அழைப்பில் உட்கார்ந்து அப்படி எழுதிக் காட்டினார். அப்பாவும் மகளும் கத்தாமல் பேசியது அன்றுதான்.

ஆனால் தூக்கமில்லாமல், சாப்பிடாமல், அறையை விட்டே வெளியே வராமல் ஒரு பிள்ளை வாரக்கணக்கில் இருந்தால் அது கல்லூரி மாறும் கேள்வியே இல்லை. ‘இருந்து என்ன பயன்’ என்பதுபோல் ஒரு சொல் வாயில் வந்தால், படிப்புக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றைக்கே கிளம்பிப் போய்ப் பாருங்கள். பொதுப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ‘பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள்’ என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்கள், தங்களிடம் பேசப்பட்டதை இரகசியமாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள். பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் சேவையான 15555 ஆகிய எண்களையும் பிள்ளையின் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். உடல்நிலையோ மனநிலையோ காரணமாக ஒரு தவணையை ஒத்திவைக்கவும் விண்ணப்பிக்கலாம். நம் வீடுகளில் அதைத் தோல்வி என்று நினைக்கிறோம். என்னைக் கேட்டால், எதுவும் சொல்லாமல் காணாமல் போவதைவிட முறையாகக் கேட்டு ஒரு தவணை வீட்டில் இருப்பது எவ்வளவோ மேல்.

எங்கள் பெண் அந்த அளவுக்குப் போகவில்லை. விரிவுரையாளரிடம் அனுமதி கேட்டு இரண்டு கணக்கியல் வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். பிடித்திருந்தது. முதல் தவணையைக் கடித்துப் பிடித்து எழுதி முடித்து, துறை மாற்றத்துக்கு விண்ணப்பித்தாள். இரண்டு மாதம் பதிலே இல்லை. அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தாள். கடைசியில் கிடைத்தது. படிப்பு முடிய ஒரு தவணை கூடுதலாகும். அத்தான் அதற்கு இன்னும் முணுமுணுக்கிறார்.

தோழியின் மகனையும் கேட்டேன். ஒரு வருடம் போனது போனதுதான், ஆனால் இப்போது இரவில் தூங்குகிறான் என்றார் தோழி.

போன தீபாவளிக்கும் அதே டிபிஎஸ்தான், அதே இரவுப் பேருந்துதான். அக்காள் கட்டிக் கொடுத்த முறுக்கு டின்களில் ஒன்று அறைத்தோழிக்கு. ஆளை மாற்றவே இல்லையாம்.