உறுமலுக்குக் கழுத்தை இறுக்காதீர்கள்

யாரையாவது கூப்பிட்டு, "ஒரு அரக்கன் மாதிரி கத்திக் காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். தோள் இரண்டும் காதுவரை ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவந்துபோகும். வெளியே வருவது என்னவோ இருமலுக்கும் ஏப்பத்துக்கும் நடுவில் ஒன்று. நாலாவது தடவை குரல் கம்மிவிடும். அப்புறம் இரண்டு நாளைக்குப் போனில் பேசினால், "என்ன, ஜலதோஷமா?" என்று எல்லோரும் விசாரிப்பார்கள்.

டப்பிங்குக்காக, வீடியோ கேமுக்காக, குறும்படத்துக்காக, இல்லை வீட்டில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதற்காக விலங்குக் குரலும் பூதக் குரலும் பழக ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் தொடங்குகிற இடமே தப்பு. பயங்கரமான சத்தம் வேண்டுமென்றால் பயங்கரமாக முக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டீ ஆறுவதற்குள் இதைக் கொஞ்சம் பேசிவிடலாம்.

முதலில் சிங்கம். அது முக்கித்தானே கர்ச்சிக்கிறது என்றால், இல்லை. சிங்கம், புலி இரண்டின் குரல்வளையையும் ஆராய்ந்து 2011-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியது இது: அவற்றின் குரல் நாண்களுக்குள் கொழுப்பு படிந்திருக்கிறது. அதனால் அந்த நாண்கள் மற்ற பல விலங்குகளுக்கு இருப்பதுபோல் கூராக இல்லாமல், ஒன்றையொன்று பார்க்கும் பக்கம் தட்டையாக, சதுரமாக இருக்கின்றன. இந்த வடிவம் இருப்பதால், நுரையீரலிலிருந்து காற்று மெதுவாக வந்தாலே போதும், அவை நன்றாக அதிரத் தொடங்கிவிடும். காட்டையே நடுங்கவைக்கிற கர்ச்சனைக்குச் சிங்கம் செலவழிப்பது நாம் நினைப்பதைவிடக் குறைவான மூச்சு. நமக்கு அந்தக் கொழுப்பு கிடையாது என்பது வேறு விஷயம்.

நமக்கு இருப்பது என்ன? கழுத்துக்கு முன்னால் சங்கு என்கிறோமே, அந்த இடத்துக்குள் சின்னதாக இரண்டு தசை மடிப்புகள், அவைதான் நம் குரல் நாண்கள். ஆண்கள் சாதாரணமாகப் பேசும்போது அவை நொடிக்கு நூறு தடவைக்குக் கொஞ்சம் மேலே, பெண்கள் பேசும்போது இருநூறு தடவைபோல ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. நாதஸ்வரத்தில் சீவாளி எப்படியோ அப்படி. வெறும் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதினால் கீச்சென்று ஒரு சத்தம்தான் வரும். அதற்குக் கனமும் கம்பீரமும் கொடுப்பது கீழே இருக்கிற நீளமான குழல். நம் உடம்பில் அந்தக் குழல் குரல் நாணிலிருந்து உதடு வரைக்கும் போகிற பாதை. வளர்ந்த ஆணுக்கு அது ஏறக்குறைய 17 சென்டிமீட்டர், பெண்ணுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவு.

விலங்குக் குரலில் பாதி வேலை இந்தக் குழலில்தான் நடக்கிறது. சீவாளியை யாரும் அதிகம் தொட வேண்டியதில்லை.

சங்கின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, எப்போதும் பேசுகிற சுருதியிலேயே "ஆ" என்று இழுத்துப் பாருங்கள். இப்போது கொட்டாவி வருவதுபோல் தொண்டையைத் திறங்கள். முழுக் கொட்டாவி வேண்டாம், அது தொடங்குகிற இடம் போதும். விரலுக்கு அடியில் சங்கு கீழே இறங்குவது தெரியும். அப்படியே உதட்டைக் குவித்து முன்னால் நீட்டுங்கள். சுருதியைக் கொஞ்சம்கூட மாற்றவில்லை, ஆனால் பேசுகிற ஆள் இரண்டு மடங்கு பெரியவனாகிவிட்டான். குழல் கொஞ்சம் நீண்டதுதான் காரணம். குழல் நீளமாக நீளமாக அதன் ஒத்ததிர்வுகள் எல்லாம் கீழே இறங்கும். கேட்கிற காது அதை வைத்து, "இது பெரிய உடம்பு" என்று முடிவு கட்டிவிடும்.

இந்த வித்தையை ஐரோப்பாவில் இருக்கிற ஆண் செம்மான் நமக்கு முன்பே செய்துகொண்டிருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் போட்டிக்கு வருகிற இன்னொரு ஆணைப் பார்த்துக் கத்தும்போது, குரல்வளையைக் கழுத்து வழியாகக் கீழே இறக்கி மார்பெலும்பு வரைக்கும் கொண்டுபோய்விடுகிறது. தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளத்தான். எதிரில் நிற்பதும் அதையே செய்கிறது என்பதால் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று தெரியவில்லை.

இதையே தலைகீழாகச் செய்யுங்கள். உதட்டைச் சிரிப்பதுபோல் இழுத்து, எச்சில் விழுங்குவதற்கு முன்னால் சங்கு மேலே ஏறுமே, அந்த இடத்தில் வைத்து "ஈ" என்று சொன்னால் குழல் குறுகிவிடும். குட்டிச்சாத்தான், எலி, மரத்திலிருந்து எட்டிப்பார்க்கிற ஏதோ ஒன்று என எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரு வாரம் மாற்றி மாற்றிச் செய்தாலே கையில் நாலைந்து பிராணிகள் வந்துவிடும்.

அடுத்தது கரகரப்பு. எல்லோரும் தொண்டையைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான். குரல் நாண்களை ஒன்றோடொன்று உரசவிட்டால் கரகரப்பு வரும் என்று நினைக்கிறார்கள். வரும், கூடவே வீக்கமும் வரும். ஆனால் அந்த நாண்களுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது. பொய்க் குரல் நாண்கள் என்பார்கள். பேச்சில் அவற்றுக்கு வேலை இல்லை. கனமான பொருளைத் தூக்கும்போது மூச்சை உள்ளே அடக்குவதற்கு அவை மூடிக்கொள்ளும். தரையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் கையை ஊன்றி எழுந்திருக்கும்போது "ம்ம்ஹ்" என்று ஒரு முனகல் விடுகிறார் அல்லவா, அதில் அடியில் லேசாகப் பொரிகிற அந்தச் சத்தம்தான் நமக்கு வேண்டியது.

ரஷ்யாவில், சைபீரியாவின் தெற்கே இருக்கிற துவா பகுதிக் கால்நடை மேய்ப்பர்கள் இதை ஒரு பாட்டுமுறையாகவே வளர்த்திருக்கிறார்கள். கர்கிரா என்று பெயர். அதில் உண்மையான நாண்கள் இரண்டு தடவை அதிர்ந்தால் பொய் நாண்கள் ஒரு தடவை அதிரும். அதனால் பாடுகிறவரின் சுருதிக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே, பூமிக்குள்ளிருந்து வருவதுபோல் இன்னொரு குரல் கேட்கும். ஒல்லியான ஒரு மனிதர் உட்கார்ந்த இடத்தில் அசையாமல், கழுத்து நரம்பு ஒன்றுகூடப் புடைக்காமல் அதைப் பாடுவார். முதல் தடவை கேட்கும்போது பின்னால் வேறு யாரோ இருக்கிறார்கள் என்றே தோன்றும்.

பழகும் முறை இது. வாயை மூடி, மெல்ல, தாழ்ந்த சுருதியில் "ம்ம்ம்" என்று முனகுங்கள். அதற்குள் அந்தப் பெரியவர் எழுந்திருக்கிற முனகலைத் துளித்துளியாகச் சேருங்கள். சத்தத்தைக் கூட்டாதீர்கள். சரியான இடம் கிடைத்துவிட்டால் நெஞ்சு முழுக்க அதிரும், தொண்டையில் ஒன்றும் தெரியாது. அரித்தாலோ இருமல் வந்தாலோ வலித்தாலோ, அது தப்பான இடம். அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். "வலித்தால்தான் பழகும்" என்று யாராவது சொன்னால் அவரிடம் கற்றுக்கொள்ளாதீர்கள்.

காற்றின் திசையை மாற்றுவது இன்னொரு வழி. கழுதையைக் கவனித்துக் கேளுங்கள். "ஹீ" என்பதை மூச்சை உள்ளே இழுக்கும்போதும், "ஹா" என்பதை வெளியே விடும்போதும் கத்துகிறது. மனிதர்கள் பேசுவது வெளியே விடுகிற மூச்சில். அதனால் உள்ளிழுக்கிற மூச்சில் ஒரு குரல் கேட்டாலே, இது மனிதன் இல்லை என்று கேட்கிறவர் மனது சொல்லிவிடும். தலையில் சட்டென்று பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உள்மூச்சில் வருகிற "ஹா" அது. பேய்ப் படங்களுக்குக் கச்சிதம். தொண்டை சீக்கிரம் வறண்டுவிடும் என்பதால் நாலைந்து தடவைக்கு மேல் வேண்டாம்.

குரல் நாணே இல்லாமலும் பேசலாம். டொனால்ட் டக் அப்படித்தான் பேசுகிறது. 1934-ல் அந்த வாத்து முதன்முதலாகத் திரைக்கு வந்தபோது குரல் கொடுத்தவர் கிளாரன்ஸ் நாஷ். அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட அவரே கொடுத்தார். அந்தக் குரலை அவர் பிடித்தது வாத்திடமிருந்து அல்ல, பயந்த ஆட்டுக்குட்டி ஒன்றைப் போலச் செய்யப்போய் வந்தது. கன்னத்துக்கும் மேல்தாடைக்கும் நடுவில் கொஞ்சம் காற்றை அடைத்துக்கொண்டு, அதைப் பிதுக்கி வெளியே விடும்போது அந்த இடம் அதிர்கிறது. குரல்வளைக்கு அதில் வேலையே இல்லை. வாத்து என்ன சொல்கிறது என்பது பாதி நேரம் புரியாததற்கும் அதுதான் காரணம். சொற்களை வடிக்க வேண்டிய வாயும் கன்னமும் சத்தம் போடுவதிலேயே மும்முரமாக இருக்கின்றன.

இவ்வளவும் தெரிந்த பிறகும் குரல் பொம்மைபோல் ஒலிக்கலாம். அதற்கு மருந்து தொண்டையில் இல்லை. 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் கோல்லமாக நடித்த ஆண்டி செர்கிஸுக்கு வழி காட்டியது அவர் வீட்டுப் பூனை. அது தொண்டையில் சிக்கிய முடியுருண்டையைக் கக்குவதற்கு உடம்பு முழுவதையும் குலுக்கிக்கொண்டதைப் பார்த்து, அதைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். பிராணி எதற்காகச் சத்தம் போடுகிறது, பசியா, பயமா, எதையாவது விழுங்க முடியவில்லையா என்று தெரிந்துகொண்டு செய்தால் சுமாரான குரல்கூட நம்பும்படி இருக்கும். தெருநாய் ஒன்றை அரைமணி நேரம் கவனிப்பது எந்தப் பயிற்சி வகுப்புக்கும் குறைந்ததல்ல என்பது என் கருத்து.

திரையில் கேட்கிற எல்லாமே ஒரு தொண்டையிலிருந்து வந்தது என்றும் நினைக்க வேண்டாம். 1933-ன் கிங் காங் கர்ச்சனை, சிங்கம் புலிகளின் ஒலிப்பதிவை வேகம் குறைத்தும் பின்னோக்கி ஓட்டியும் செய்தது. 1993-ன் 'ஜுராசிக் பார்க்'கில் டி-ரெக்ஸ் கத்தும்போது அதற்குள் இருப்பது ஒரு குட்டி யானையின் பிளிறல். பதிவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், குழலும் இரண்டு மடங்கு நீண்டதுபோல் ஒலிக்கும்; குட்டி பூதாகரமாகிவிடும். ஆகவே நீங்களும் செல்போனில் பதிவு செய்து வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். கத்திய பதிவைவிட, அடங்கிய குரலில் மைக்குக்கு அருகில் செய்தது எத்தனை பெரிதாக இருக்கிறது என்று அப்போது புரியும்.

தொண்டைக்கு என்ன குடிப்பது என்று கட்டாயம் கேட்பீர்கள். செர்கிஸ் படப்பிடிப்பில் தேனும் எலுமிச்சையும் இஞ்சியும் கலந்து குடித்துக்கொண்டிருந்தார். நம் ஊரில் பனங்கற்கண்டுப் பால், அதிமதுரம், சித்தரத்தை. எல்லாம் இதமாக இருக்கும். ஆனால் எதுவும் குரல் நாணைத் தொடாது. விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்கிறது. இந்த டீயும் அப்படித்தான், உணவுக்குழலில் இறங்கிப் போய்விடும். நாணுக்கு ஈரம் போவது இரத்தத்தின் வழியாக. ஆகவே பயிற்சிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பதில் பெரிய பயன் இல்லை, காலையிலிருந்து குடித்திருக்க வேண்டும். உடனடி ஈரம் வேண்டுமென்றால் ஆவி பிடிக்கலாம்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் செய்ய ஒன்று சொல்கிறேன். அரை டம்ளர் தண்ணீரில் ஜூஸ் ஸ்ட்ராவை இரண்டு விரல் ஆழம் விட்டு, அதன் வழியாக "ஊ" என்று குமிழி வரும்படி ஊதுங்கள். சுருதியை மேலும் கீழும் மெல்லக் கொண்டுபோங்கள். ஸ்ட்ரா ஏற்படுத்துகிற எதிர் அழுத்தம் நாண்களை முரட்டுத்தனமாக மோதவிடாமல் பார்த்துக்கொள்ளும். குரல் மருத்துவத்தில் இன்று உலகம் முழுவதும் சொல்லித்தருகிற பயிற்சி இது. தொண்டையைச் செருமிச் செருமிச் சரிசெய்வதை மட்டும் விட்டுவிடுங்கள்; ஒவ்வொரு செருமலும் நாண்களை ஓங்கி அறைகிறது.

தொழிலாகச் செய்கிறவர்களுக்கே இது விளையாட்டு இல்லை. 2016-ல் அமெரிக்காவில் வீடியோ கேம் குரல் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தொண்டையை வருத்துகிற பதிவுகளை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நாளைக்குப் பத்து நிமிஷம் தாராளம். குரல் கம்மினால் மறுநாள் ஓய்வு. மூன்று வாரம் கழித்தும் கம்மல் போகவில்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் காட்டிவிடுங்கள், கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அப்புறம், பயிற்சி தொடங்குகிற அன்று பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.