நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும் நாள்

குளச்சல் வட்டாரத்தில் திருவிழாக் காலம் தொடங்கிவிட்டால் பேண்டு செட்டுக்கு ஓய்வு கிடையாது. கொடியேற்றம், தேர்ப்பவனி, கல்யாண ஊர்வலம், தலைவர்கள் வரவேற்பு, நடுவில் ஒரு சாவு வீடு. எல்லா இடத்திலும் ஒரே நிபந்தனைதான்: நின்றுகொண்டோ நடந்துகொண்டோ வாசிக்க வேண்டும். எந்தப் பாட்டு, எங்கே நிற்பது, எப்போது நிறுத்துவது, பந்தியில் எப்போது உட்காருவது என்பதெல்லாம் கூலி கொடுப்பவர் சொல்வது. பல ஊர்களில் இந்தக் குழுக்கள் எந்தத் தெருவிலிருந்து புறப்பட்டு வருகின்றன என்பதை இந்தப் பகுதியின் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பறையடிக்க ஆள் சொல்லி அனுப்பிய அதே வாய்தான் பேண்டுக்கும் ஆள் சொல்லி அனுப்புகிறது.

ஆகவே, ஏப்ரல் 14 அன்று அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம் முடிந்ததும் அதே பேண்டை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து முக்கால் மணி நேரம் கச்சேரி நடத்துவது என்று ஓர் இளைஞர் மன்றம் முடிவு செய்தால், அது சின்ன விஷயம் அல்ல. என்ன வாசிப்பது என்பதை அன்று வாசிப்பவரே தீர்மானிக்கிறார். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஊர்வலத்தில் வாசித்த பத்துப் பாட்டையும் அப்படியே வரிசையாக வாசித்தால், மூன்றாவது பாட்டில் கூட்டம் டீக்கடைக்கு எழுந்து போய்விடும். தெருவில் பேண்டு நம்மைக் கடந்து போகிறது. ஒருவர் காதில் இரண்டு நிமிடம் விழுந்தால் அதிகம். அதற்கு உரத்த சத்தம் போதும். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரோ நாற்பத்தைந்து நிமிடம் கேட்கிறார். அவருக்கு நிறம் வேண்டும்.

இசையில் நிறம் என்றால் என்ன? ஒரே சுரத்தைக் கிளாரினெட்டில் கேட்பதும் டிரம்பெட்டில் கேட்பதும் ஒன்றல்ல. கிளாரினெட்டிலேயே கீழ்ப்பகுதி மரத்தின் அடிக்குரலாக இருண்டு ஒலிக்கும். மேலே ஏறினால் வெயில் அடித்த மாதிரி. கீழ்க் கிளாரினெட்டோடு யூபோனியம் சேர்ந்தால் ஒரு நிறம். டிரம்பெட்டின் வாயில் மியூட் செருகினால் வேறொரு நிறம். டிரம் எல்லாம் நின்று ஆல்டோ சாக்ஸபோன் மட்டும் தனித்துப் போனால் அது இன்னொன்று. தெருவில் இவை எதுவும் கேட்காது. அதனால் தெரு பேண்டு எல்லோரும் ஒன்றாக, எப்போதும் உச்சத்தில் வாசிக்கப் பழகிவிட்டது. கச்சேரிக்குப் பாட்டு தேடும்போது முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பாட்டில் யார் யார் சும்மா இருப்பார்கள் என்பதுதான். யாருமே சும்மா இருக்காத பாட்டை ஊர்வலத்துக்கு வைத்துக்கொள்வோம். சும்மா இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. டிரம்பெட் வாசிப்பவரின் உதடும் சதைதான். இடைவிடாமல் வாசித்தால் இருபது நிமிடத்தில் சோர்ந்துவிடும். அதன்பிறகு மேல் சுரங்கள் உடையும்.

அடுத்தது சுருதி. நம் குழுக்களில் பாதிச் சண்டை இதில்தான் வருகிறது. டிரம்பெட்டும் சாதாரணக் கிளாரினெட்டும் பி-பிளாட் வாத்தியங்கள். அவற்றில் ‘சி’ என்று வாசித்தால் வெளியே கேட்பது பி-பிளாட். ஆல்டோ சாக்ஸபோன் ஈ-பிளாட் வாத்தியம். பாடகர் வந்து “ஒரு கட்டை” என்றால், கிளாரினெட்காரர் இரண்டு ஷார்ப்பும் ஆல்டோகாரர் மூன்று ஷார்ப்பும் சுமக்க வேண்டும். தேர்ந்தவருக்கு அது ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆறு மாதமாகக் கற்கும் பிள்ளைக்கு மலை. அதே பாட்டை ஆறரைக் கட்டைக்கு மாற்றினால் கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் ஷார்ப்பும் இல்லை, பிளாட்டும் இல்லை. ஆல்டோவுக்கு ஒரே ஒரு ஷார்ப். இரண்டரைக் கட்டையும் பேண்டுக்கு இதமானதே. வாத்தியம் மட்டும் வாசிக்கும் கச்சேரியில் பாடகர் கட்டைக்கு ஏன் கட்டுப்பட வேண்டும்? குழுவில் மிகச் சின்னப் பிள்ளைக்கு எது கைகூடுமோ அந்தக் கட்டையில் பாட்டை வைக்கலாம்.

திறமையை மீறி ஆசைப்படுவது நம்மிடம் மட்டும் உள்ள நோய் அல்ல. ஆஸ்திரேலியாவில் பிறந்த பெர்சி கிரெய்ஞ்சர் என்ற இசையமைப்பாளர், இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கிராமங்களில் பாமர மக்கள் பாடிய பாட்டுகளைத் தேடிச் சேகரித்தவர். அவற்றைக் கொண்டு 1937-ல் காற்று வாத்தியக் குழுவுக்கென்றே ஆறு பகுதிகளில் ‘லிங்கன்ஷயர் போஸி’ என்ற படைப்பை எழுதினார். பாடியவர்கள் தாளத்தை எங்கே நீட்டினார்களோ, எங்கே முறித்தார்களோ, அப்படியே எழுதிவைத்தார். முதல் அரங்கேற்றம் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில். வாசித்தவர்களில் பலர் பீர் ஆலைகளின் பேண்டுக்காரர்கள். ஆறில் மூன்று பகுதிகளைத்தான் அன்று வாசிக்க முடிந்தது. மற்றவை கைக்கு எட்டவில்லை. இன்று உலகம் முழுவதும் காற்று வாத்தியக் குழுக்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் படைப்பு அது. மூன்றை மட்டும் வாசித்த அந்த ஆலைத் தொழிலாளர்களை நமக்குப் பிடித்திருக்கிறது. ஆறையும் கொலை செய்வதைவிட மூன்றை நன்றாக வாசிப்பது மேல். அதைவிட முக்கியமானது, கிராமத்தார் பாடியதைத் திருத்தி அழகுபடுத்தாமல், அவர்கள் பாடிய விதத்திலேயே பேண்டுக்குக் கொண்டுவர முடியும் என்று கிரெய்ஞ்சர் காட்டியது.

அப்படிப் பார்த்தால் குளச்சலைச் சுற்றி எடுக்க ஆளில்லாமல் கிடக்கும் செல்வம் கொஞ்சமா? வலை இழுக்கும்போது கடற்கரை மக்கள் பாடும் அம்பாப் பாட்டில் ஒருவர் குரல் கொடுப்பார், மற்றவர்கள் ஒன்றாக எதிர்க்குரல் கொடுப்பார்கள். ஒற்றை டிரம்பெட் கேட்க, கிளாரினெட் கூட்டம் பதில் சொல்ல, பேஸ் டிரம் இழுவையின் மூச்சைப் பிடித்துக்கொள்ள, பாட்டு தானாகவே பேண்டுக்கு அமைந்துவிடும். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் ஆசான் ஒரு வரி சொன்னதும் பின்பாட்டுக்காரர்கள் ஆமாம் போடுகிறார்களே, அதுவும் இதே அமைப்புதான். குடத்தின் ஒலியை யூபோனியத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம். களியல் ஆட்டத்தின் கம்புத் தாளம் சைடு டிரம்முக்கென்றே பிறந்த மாதிரி இருக்கும். இவற்றை எழுதிவைக்க ஆள் வேண்டும். நோட்டு வாசிக்கத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் பாட்டிமாரிடமும் பெரியவர்களிடமும் போய் உட்கார்ந்து கேட்டு எழுதலாம். விடுமுறைக்கு இதைவிட நல்ல வேலை எதுவும் நமக்குத் தோன்றவில்லை.

“பேண்டு வெள்ளைக்காரன் வாத்தியமாயிற்றே, இதில் நம்முடையது என்ன?” என்று சிலர் கேட்பார்கள். 1741-ல் குளச்சலில் டச்சுப் படை தோற்றது. அந்தத் தளபதி டிலனாயே பிற்பாடு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். ஐரோப்பிய அணிவகுப்பு தென்திருவிதாங்கூருக்கு வந்த கதையில் நம் கடற்கரைக்கும் பங்கிருக்கிறது. சென்னைக் கோட்டைப் பக்கம் ஒலித்த ஆங்கிலேய பேண்டு மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டு சுரங்கள். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டுகூட அவற்றில் உண்டு. கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருவர் பேண்டு மெட்டை எடுத்தாண்டபோது அது சங்கீதம் ஆயிற்று. நம் தெருக்காரர் டிரம்பெட்டை எடுத்தால் மட்டும் அது கூலி வேலையாகவே நிற்கிறது. கிளாரினெட் ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008-ல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத் அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனார். வாத்தியத்துக்குத் தீட்டு இல்லை என்பது அவர்களுக்கெல்லாம் தெரிந்துதான் இருந்தது.

நோட்டு சுரங்களைக் கச்சேரியின் தொடக்கத்துக்கு நாம் சிபாரிசு செய்கிறோம். சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை, கமகம் இல்லை, சின்னவை, இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் முணுமுணுக்கும். ஆரம்பத்திலேயே குழுவுக்கு மூச்சும் சுருதியும் நிலைப்படும்.

அடுத்து இளையராஜா. பண்ணைப்புரத்திலிருந்து வந்து 1976-ல் ‘அன்னக்கிளி’ மூலம் தமிழ்த் திரையிசையின் காதை மாற்றியவர், 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அவர் பாட்டு இல்லாமல் நம் ஊரில் கச்சேரி நிறைவேறாது. ஆனால் பேண்டு செட்டுகள் அவர் பாட்டில் மேல் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கி எறிகின்றன. அவர் பாட்டின் உயிர் பாதி அடியில் ஓடும் பேஸில் இருக்கிறது. இடையிசையில் புல்லாங்குழலும் வயலினும் பேசிக்கொள்வதில் இருக்கிறது. வருடம் முழுக்க ‘பூம் பூம்’ என்று இரண்டு சுரம் ஊதிக்கொண்டிருக்கும் யூபோனியம் பையனுக்கு அந்த பேஸ் வரியைக் கொடுத்துப் பாருங்கள். பல்லவி தெரிந்த பாட்டு என்பதற்காக எடுக்காமல், அடிக்குரல் நடமாடும் பாட்டாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

நடுவில் மெதுவான ஒரு பாட்டு கட்டாயம் வேண்டும். சுருதி சேராத பேண்டு வேகப் பாட்டில் ஒளிந்துகொள்ளலாம். மெதுவான பாட்டில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் வேண்டும் என்கிறோம். 2004 டிசம்பர் 26-ல் கடல் கொண்டுபோனவர்களை மறக்காத ஊர் குளச்சல். அவர்களை நினைத்து நான்கு நிமிடம் டிரம் இல்லாமல் வாசித்தால் கூட்டம் அசையாது. கிறிஸ்தவக் கீர்த்தனை மெட்டு வேண்டுமா, வேறு மெட்டு வேண்டுமா என்பதைக் குழுவே முடிவு செய்யட்டும். கீர்த்தனை என்றால் அந்நியம் என்று தயங்க வேண்டாம். 1806-ல் மயிலாடிக்கு ரிங்கல்தௌபேயை வரவழைத்தவர் சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் வேதமாணிக்கம். ஞானப்பாட்டு இங்கே வேரூன்றியதில் நம்மவர் கைதான் முந்தியது.

பறை இல்லாமல் ஏப்ரல் 14 கச்சேரியா? இழிவென்று பறையைக் கீழே போட்டுப் போராடியவர்களும் நம்மவர்கள். விடுதலைக் கருவி என்று அதையே மறுபடி எடுத்தவர்களும் நம்மவர்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையடிக்கிறார்கள். 2025-ல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆனால் பறையையும் கிளாரினெட்டையும் ஒரே நேரத்தில் முழு வீச்சில் விட்டால் கிளாரினெட் இருப்பதே தெரியாது. அதற்காகப் பறைக்காரரை மேடையின் பின்வரிசைக்குத் தள்ளுவது தீர்வல்ல; அந்தத் தள்ளலை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம். பறையை முன்னால் வைத்து, அது பேசும்போது பித்தளை வாத்தியங்கள் நீண்ட ஒற்றைச் சுரம் பிடித்துத் தரை விரிக்கட்டும். கிளாரினெட் பேசும்போது அடிக்குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சிண்டுக்குச்சி மட்டும் ஒலிக்கட்டும். தோல் காய்ச்ச மேடையருகே நெருப்புக்கு இடம் வேண்டும். கடைசி நேரத்தில் தேடாதீர்கள். குளச்சல் காற்றின் ஈரத்தில் பறை சீக்கிரம் தொய்ந்துவிடும். (அதே உப்புக் காற்றுதான் கிளாரினெட்டின் வில்கம்பிகளையும் அரிக்கிறது. வாசித்து முடித்ததும் துடைக்காத பிள்ளைக்கு வாத்தியம் கொடுக்காதீர்கள்.)

பிறர் பாட்டை நம் நடையில் வாசிப்பதற்கும் முன்னோடிகள் உண்டு. முதல் உலகப் போரில் அமெரிக்கக் கறுப்பின வீரர்களின் 369-வது படைப்பிரிவை வெள்ளையர் படையோடு சேர்க்காமல் பிரெஞ்சுத் தளபதிகளின் கீழ் அனுப்பினார்கள். அந்தப் பிரிவின் பேண்டை நடத்தியவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப். பிரான்சில் இறங்கியதும் அந்நாட்டுத் தேசிய கீதத்தை அவர்கள் தம் தாளநடையில் வாசிக்க, நின்றிருந்த பிரெஞ்சுக்காரர்களுக்குத் தங்கள் கீதம்தான் அது என்று புரியவே சற்று நேரம் பிடித்ததாம். நம் பேண்டு செட்டும் ஒரு மேல்நாட்டு மார்ச்சை எடுத்து நடுவில் நையாண்டி நடைக்குத் திருப்பினால் யார் தடுக்கப் போகிறார்கள்?

சட்டத்தைப் பற்றியும் மாணவர்கள் கேட்கக்கூடும். தொழில்முறை அல்லாத மன்றமோ சங்கமோ, கட்டணம் வாங்காமல் மக்களுக்கு இசைப் படைப்பை நிகழ்த்துவது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் விலக்குப் பெற்றிருக்கிறது. டிக்கெட் போட்டால் கதை வேறு. அப்போது உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

ஏழு பாட்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் குழுவில் ஒருவர் எழுந்து, பாட்டையும் அதில் தனித்து வாசிப்பவர் பெயரையும் சொல்லட்டும். ஊர்வலத்தில் யாரும் அவர் பெயரைக் கேட்டதில்லை. விழாக் குழுவிடம் நாற்காலிக் கணக்கையும் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும்: கை வைக்காத நாற்காலி, தலைக்கு ஒன்று, பறைக்காரர்கள் நின்று அடித்தாலும் அவர்களுக்கும் சேர்த்து.