அப்ரைசல் ரேட்டிங்: மேனேஜருக்கு டிரெய்னிங் கொடுத்தால் பாரபட்சம் குறையுமா?

அப்ரைசல் சீசன் வந்தால் ஆபீஸ் கேன்டீனில் ஒரே பேச்சுதான்: ‘உனக்கு என்ன ரேட்டிங்?’ ஊதிய உயர்வு, புரமோஷன், சில சமயம் வேலையேகூட அந்த ஒற்றை எண்ணில் தொங்குகிறது. ஆனால், அந்த எண் யாரைப் பற்றிச் சொல்கிறது?

2000-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 4,492 மேலாளர்களுக்கு மற்றவர்கள் போட்ட மதிப்பெண்களை அலசியது. மதிப்பெண்களில் இருந்த வேறுபாட்டில் பாதிக்கும் மேல், மதிப்பெண் போட்டவரின் தனிப்பட்ட போக்கால் வந்தது.

எங்கே சறுக்குகிறது?

* ஒளிவட்ட விளைவு: ‘இங்கிலீஷ் நல்லா பேசுறார், வேலையும் நல்லாத்தான் செய்வார்’ என்ற நினைப்பு. உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே சுட்டிக்காட்டியது இது.
* அண்மை விளைவு: பத்து மாத உழைப்பு மறந்துபோகும், போன மாதச் சொதப்பல் மட்டும் நினைவில் நிற்கும்.
* தாராளம், கறார்: ஒரே வேலைக்கு ஒரு மேனேஜர் 4 போடுவார், இன்னொருவர் 3 போடுவார்.

‘பாரபட்சம் பார்க்காதீங்க’ என்றால் போதாதா?

போதாது. இந்தத் தவறுகளைப் பட்டியல் போட்டு எச்சரிக்கும் பயிற்சியை பெர்னார்டின், பென்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1980-ல் சோதித்தார்கள். தாராளமும் ஒளிவட்டமும் குறைந்தன. கூடவே, மதிப்பீட்டின் துல்லியமும் குறைந்தது! எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் கற்றுக்கொண்டால், நிஜமாகவே நன்றாக வேலை செய்பவரும் மதிப்பெண்ணை இழப்பார்.

அப்போ எது வேலை செய்கிறது?

எல்லா மேனேஜர்களுக்கும் ஒரே அளவுகோலைப் பழக்குவது. ‘டீம் வொர்க்கில் 5 என்றால் என்ன, 3 என்றால் என்ன’ என்பதை நடத்தை உதாரணங்களோடு முதலில் விளக்குவார்கள். பிறகு, மாதிரி ஊழியர்களின் வீடியோவுக்கு மதிப்பெண் போட வைப்பார்கள். நிபுணர்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, எங்கே, ஏன் விலகியது என்று பேசுவார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 1994-ம் ஆண்டு ஆய்வில், துல்லியத்தைக் கூட்டுவதில் இந்த முறையே முன்னால் நின்றது.

இதற்கும் ஒரு எல்லை உண்டு

தெரியாமல் செய்யும் தவறைத்தான் பயிற்சி திருத்தும். ‘போன வருஷம் உனக்குக் கொடுத்தாச்சு, இந்த வருஷம் அவருக்கு’ என்று தெரிந்தே போடும் ரேட்டிங்கை அது திருத்தாது. ‘இத்தனை பேருக்குத்தான் 5’ என்ற பெல் கர்வ் கட்டாயத்தையும் மாற்றாது. அவை நிறுவனம் கைவைக்க வேண்டிய இடங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

இலக்கு நிர்ணயிக்கும்போதே ‘இதில் 5 வாங்க என்ன செய்யணும்?’ என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிவிடுங்கள். முடித்த வேலைகளை மாதாமாதம் குறித்து வையுங்கள். மேனேஜர் மறந்த பத்து மாதங்களை நினைவுபடுத்த, அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.