நடுக்குவாதமும் நம் வயல்களும்

மருந்து தேடுமுன் நோயின் காரணத்தைத் தேடுதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொள்கை. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். கை நடுங்குதல், உடல் விறைத்தல், நடை தளர்தல் என்பன இதன் குறிகள். 1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதனை விரித்தெழுதினார். நடுமூளையில் டோபமைன் என்னும் பொருளை ஆக்கும் கலங்கள் அழிவதாலேயே இந்நோய் உண்டாகின்றது. அவை அழிவது ஏன்?

1982இல் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகச் செய்த போதைமருந்தை ஊசியால் ஏற்றிய இளைஞர் சிலர், முதிய நோயாளரைப்போல விறைத்துப்போயினர். மருந்திற் கலந்திருந்த எம்.பி.ரி.பி. என்னும் நஞ்சே காரணம் என மருத்துவர் வில்லியம் லாங்ஸ்ரன் கண்டார். அந்நஞ்சு மூளையில் அடையும் மாற்றுரு, பரக்குவாற் என்னும் களைகொல்லியின் அமைப்பை ஒத்திருந்தது. ஆராய்ச்சியாளரின் பார்வை வயல்களின்பாற் சென்றது.

லாங்ஸ்ரன் 1988இல் இலாபநோக்கற்ற பார்க்கின்சன் ஆய்வு நிலையமொன்றை நிறுவினார். அந்நிலையத்தாரும் அமெரிக்க அரச ஆய்வாளரும் கூடிச் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. பரக்குவாற்றையோ ரொட்டெனோன் என்னும் பூச்சிகொல்லியையோ கையாண்டோரிடையே இந்நோய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. கையாண்டோர் யாவர்க்கும் நோய் வரும் என்பது இதன் பொருளன்று. முதுமையும் பரம்பரையும் காரணங்களே. ரொட்டெனோனோ செடிவேரிற் கிடைப்பது. ஆகவே, இயற்கைப் பொருள் யாவும் தீங்கற்றது என்பதும் பொருந்தாது.

செடி நஞ்சாதல் போல மருந்தும் ஆகும். நம் வேலிகளிற் படரும் பூனைக்காலியின் விதையில் லெவோடோபா என்னும் பொருள் உண்டென 1937இல் தாமோதரன், இராமசாமி என்னும் சென்னை ஆய்வாளர் இருவர் காட்டினர். இன்றும் நடுக்குவாதத்துக்குத் தலையாய மருந்து அப்பொருளே. எனினும் அளவறியாது விதையை உண்ணல் ஆபத்தாகும்.

நஞ்சருந்தி இறப்போர் தொகையைக் குறைத்தற்பொருட்டு, இலங்கை அரசு 2008 முதல் படிப்படியாகக் குறைத்து, 2011 அளவிற் பரக்குவாற்றை விலக்கியது. ஆயினும் அதற்குமுன் ஆண்டுக்கணக்காய் அதனை விசிறியோர் பூவரசங்குளம் போன்ற ஊர்களில் இன்று முதியோராய் இருக்கின்றனர். அவர்தம் கைநடுக்கத்தை வெறும் முதுமையென ஒதுக்காது மருத்துவரிடம் காட்டுதல் பிள்ளைகளின் கடன். வேறு மருந்துகளை விசிறும் இளைஞர் காற்றுக்கெதிரே நில்லாது, மூக்கையும் கையையும் மூடி, வேலை முடிந்ததும் குளித்து உடைமாற்றுதல் வேண்டும்.

கல்லூரி ஈன்ற மருத்துவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நடுங்கும் கையோடு வருபவரை, "ஐயா, நீங்கள் செய்த தொழில் என்ன? வயலில் எதனை விசிறினீர்கள்?" என்று கேளுங்கள். நோயின் காரணத்தைத் தேடும் பணி அக்கேள்வியிலேயே தொடங்குகின்றது.