சாயநீரின் நிறம் போக்கும் வெண்பொடி

சாயத்தொட்டியின் கழிவுநீர் கிணற்றையும் வயலையும் கெடுப்பதை அங்கத்தினர்கள் அறிவர். நம் வாணியம்பாடிப் பகுதியில் தோல் பதனிடும் கழிவால் பாலாறு கெட்டது குறித்து 1996-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளிக்க நேர்ந்தது.

சாயநீருக்கு ஆய்வுக்கூடங்கள் காணும் வழியொன்று உண்டு. மணவாளக்குறிச்சிக் கடல்மணலிலுள்ள இல்மனைட்டிலிருந்து பெறத்தக்க டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்பொடி, வெயிலின் புறஊதாக் கதிர் பட்டதும் சாயத்தைச் சிதைக்கவல்லது. நுண்பொடியாதலின் நீரிலிருந்து மீட்பது கடினம். ஆகவே, நுண்துளைகள் நிறைந்து முப்பரிமாணச் சட்டகமாய் அமைந்த ஜியோலைட் என்னும் கனிமத்தின்மேல் டைட்டானியச் சேர்மத்தைப் படியச் செய்து, ஏறக்குறைய 500 பாகை செல்சியஸில் சுடுகின்றனர். ஜியோலைட் சாயத்தை ஈர்த்துப் பிடிக்கும். வெண்பொடி அதனை அழிக்கும். சூடு மிகுந்தால் அனடேஸ் என்னும் படிகவடிவம் ரூட்டைலாக மாறித் திறன் குன்றும். எக்ஸ் கதிர்ச் சோதனையில் அது தெரிந்துவிடும்.

வெயிலில் புறஊதாக் கதிர் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கே. அன்றியும், நிறம் போகுமேயன்றிச் சாயமிடுகையில் சேர்த்த உப்பு போகாது. நிறமற்ற நீராயினும் உப்பை அளந்தறியாமல் பயிருக்குப் பாய்ச்சலாகாது.