கசப்பில் பிறக்கும் நீல ஒளி

ஹாலோவீன் விருந்து, விண்வெளி விருந்து என்று ஏதாவது ஒரு கருப்பொருளோடு நடக்கும் கொண்டாட்டங்களில், இருட்டிய அறையில் நீலமாக ஒளிரும் காக்டெயில்களை வரிசையாக வைத்திருப்பார்கள். சாயம் எதுவும் அதில் கலக்கவில்லை. ஜின்னோடு ஊற்றிய டானிக் வாட்டர்தான் ஒளிர்கிறது. ஜின்னுக்கு இதில் பங்கில்லை. வெறும் டானிக்கும் எலுமிச்சையும் கலந்தாலும் இதே நீலம்தான்.

டானிக்கின் கசப்புக்குக் காரணமான குயினைன்தான் ஒளிக்கும் காரணம். நம் தாத்தா பாட்டிகள் மலேரியாக் காய்ச்சலுக்கு விழுங்கிய அதே கொய்னா. 1820-இல் பாரிஸில் பெல்லத்தியேவும் கவாந்துவும் சின்கோனா மரப்பட்டையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 1860-களில் நீலகிரியிலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் அரசின் கொய்னா தொழிற்சாலையே நடந்தது.

குயினைன் மூலக்கூறு சுமார் 350 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை உறிஞ்சுகிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாது. அந்த ஆற்றலில் கொஞ்சம் வெப்பமாகப் போக, மிச்சம் 450 நானோமீட்டர் அளவில் நீல ஒளியாக வெளிவருகிறது. புற ஊதா விளக்கை அணைத்த கணமே நீலமும் போய்விடும். இதற்கு உடனொளிர்தல் என்று பெயர்.

1845-இல் ஜான் ஹெர்ஷெல் குயினைன் கரைசலை வெயிலில் வைத்துப் பார்த்தார். ஒளி நுழையும் பக்கத்து மேற்பரப்பில் மட்டும் மெல்லிய நீலப் படலம்; உள்ளே ஒன்றுமில்லை. 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இதற்கு விளக்கம் தந்தார்: ஒளியைத் தூண்டும் புற ஊதாக் கதிர்களைத் திரவத்தின் முதல் அடுக்கே உறிஞ்சிவிடுகிறது. விருந்து வைப்பவருக்கு இது மிகவும் பயன்படும் செய்தி. அகலமான கோப்பையில் விளக்கைப் பார்த்த பக்கம் மட்டும் பளிச்சென்று இருக்கும். ஒடுக்கமான, உயரமான கண்ணாடி டம்ளரில் ஊற்றி, இரண்டு பக்கமும் விளக்கு வைத்தால் டம்ளர் முழுக்க ஒளிரும்.

விளக்கு வாங்கும்போது அலைநீளத்தைப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் எல்.இ.டி.யில் ஊதா வெளிச்சம்தான் அதிகம் தெரியும், டானிக் மங்கலாகத்தான் ஒளிரும். 365 நானோமீட்டர் விளக்குதான் சரி. அதை நேராகப் பார்க்கக் கூடாது. விருந்தினர் கண்ணில் படாமல் மேசைக்குக் கீழோ பக்கவாட்டிலோ பொருத்துங்கள். கோலா, மாதுளை சிரப் போன்ற அடர்நிறங்கள் ஒளியை விழுங்கிவிடும். சாதாரண ஐஸ் கரைந்து டானிக் நீர்த்துப்போகாமல் இருக்க, டானிக்கையே ஐஸ் கட்டியாக உறைய வைக்கலாம்.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது உப்பின் வேலை. ஒளிரும் டானிக்கில் அரைத் தேக்கரண்டி உப்பைப் போட்டுப் பாருங்கள். நுரை பொங்கும். உப்பு கரையக் கரைய நீலம் மங்கி, பானம் ஏறக்குறைய இருண்டுவிடும். குயினைன் அப்படியேதான் இருக்கிறது. ஆற்றலேறிய மூலக்கூறு ஒளியை உமிழ்வதற்குள் உப்பின் குளோரைடு அயனி வந்து மோதி அதைத் தணித்துவிடுகிறது. ஆகவே உப்பு போட்ட லெமன் சோடா பாணி இங்கே வேண்டாம். விளிம்பில் உப்பு தடவும் மார்கரிட்டா வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், சர்க்கரை தடவலாம்.

ஒளிரும் குச்சிகளை உடைத்துத் திரவத்தைப் பானத்தில் ஊற்றுவதும், ஹைலைட்டர் மையைக் கரைப்பதும் கூடவே கூடாது. இரண்டும் குடிப்பதற்கானவை அல்ல. குயினைனுக்கும் அளவுண்டு: அமெரிக்க விதிப்படி பானத்தில் லிட்டருக்குச் சுமார் 83 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. கர்ப்பிணிகள், இதயத்துடிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்கள், முன்பு குயினைன் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

அவர்களுக்கென்று மது கலக்காத வேறொரு கோப்பை தயாரிக்கலாம். வைட்டமின் பி2 எனும் ரிபோஃபிளேவின் மாத்திரையில் சிறு துண்டைப் பொடித்து, சோடாவில் கரைத்து வடிகட்டினால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். டானிக்குக்கு ஒத்துவராத அந்த 395 விளக்கே இதற்குப் போதும். ரிபோஃபிளேவின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும் என்பதால், பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும்.