கரிசல் மண்ணும் கழிவுநீரும்: வைப்பாற்றுப் பாதுகாப்பு நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

‘ஏந்தல்’ என்பது ஆழங்குறைந்த நீர்நிலையைக் குறிக்கும் சொல். இச்சொல்லை ஈறாகக் கொண்ட ஊர்ப்பெயர்கள் தென் மாவட்டங்களில் மிகுதி. கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் நிலத்தில் அமைந்த இளையரசனேந்தல் அவற்றுள் ஒன்று. இப்பகுதியின் மழைநீர் ஓடைகள், கண்மாய்கள் வழியாக வைப்பாற்றை அடைகிறது. கழிவுநீரும் அதே வழியைப் பற்றிக்கொள்ளும்போது நேர்வது யாது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தொட்டியிலிருந்து வெளியேறும் இரண்டு

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி, தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் நாள்தோறும் 642.1 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. நிறுவப்பட்ட சுத்திகரிப்புத் திறனோ 149.2 கோடி லிட்டர் மட்டுமே. ஊராட்சிகளின் கழிவுநீர் இக்கணக்கில் இடம்பெறவில்லை.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் கழிவறைகள் செப்டிக் டேங்க்குடன் இணைகின்றன. அத்தொட்டியிலிருந்து இரண்டு பொருள்கள் வெளியேறுகின்றன. ஒன்று, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரியால் உறிஞ்சி எடுக்கவேண்டிய கசடு. மற்றொன்று, நாள்தோறும் வழிந்தோடும் மேல்நீர். உயிர்வேதி ஆக்சிஜன் தேவையில் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காட்டை மட்டுமே தொட்டி குறைக்கும். எஞ்சிய தூய்மையாக்கத்தை உறிஞ்சுகுழியும் அதனைச் சூழ்ந்த மண்ணுமே செய்யவேண்டும்.

கசடு மேலாண்மை

இவற்றுள் கசடுக்குத் தமிழ்நாடு வழிகண்டுள்ளது. 2014ஆம் ஆண்டில் கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை அரசு வெளியிட்டது. மாநிலத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017இல் கருங்குழிப் பேரூராட்சியில் செயல்படத் தொடங்கியது. அருகிலுள்ள மதுராந்தகத்தின் கசடும் அங்கே கொண்டுவரப்படுகிறது. உலர்படுக்கையில் பரப்பப்படும் கசடிலிருந்து நீர் வடிந்து தனியே சுத்திகரிக்கப்படுகிறது; திடப்பொருள் வெயிலில் உலர்கிறது. பெரும் குழாய்வலை இன்றியே ஓடையிலும் வயலிலும் கசடு கொட்டப்படுவதைத் தடுக்க இயலும் என்பதே இம்முறையின் சிறப்பு.

கரிசலின் தடை

எனினும், கரிசல் வட்டாரத்திற்கு இம்மாதிரி மட்டும் போதாது. களித்தன்மை மிக்க கரிசல் மண் ஈரத்தில் உப்பி நுண்துளைகளை அடைத்துக்கொள்வதால் நீர் உட்புகுதல் மிகக் குறைவு. மழைக்காலத்தில் உறிஞ்சுகுழி நிரம்பி வழியும். அக்காரணத்தால் மேல்நீர்க் குழாயைத் தெருச் சாக்கடையில் இணைத்துவிடும் நிலை எளிதில் உருவாகிறது. குளியல், சமையல் நீரும் அதனுடன் கலக்கிறது.

வைப்பாறு வற்றாத ஆறன்று. ஆண்டின் பெரும்பகுதியில் கழிவை நீர்த்துப்போகச் செய்யும் ஓட்டம் அதில் இல்லை. எனவே கழிவுநீர் முதலில் கண்மாயில் தேங்குகிறது. அதிலுள்ள நைட்ரசனும் பாசுபரசும் ஆகாயத்தாமரையை வளர்க்கின்றன. வடகிழக்குப் பருவமழையின் முதல் வெள்ளம் அத்தேக்கத்தை ஆற்றுக்குத் தள்ளுகிறது.

ஆதலின், சாக்கடை கண்மாயைச் சேரும் முகப்பிலேயே சுத்திகரிப்பு அமைதல் வேண்டும். படிவுத் தொட்டியும், அதனை அடுத்து நாணல் அல்லது கல்வாழை நட்ட சரளைப் படுகையும் சிற்றூருக்கு ஏற்றவை. கசிவைத் தடுக்கும் தளம், போதிய பரப்பு, படிவை முறையாக அகற்றும் பொறுப்பாளர் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. 2017இல் மத்திய அரசு அறிவித்த தரத்தின்படி, பெருநகரல்லாத ஊர்களின் சுத்திகரிப்பு நிலையங்கள் வெளியேற்றும் நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. இப்படுகைகளையும் அந்த அளவுகோலாலேயே மதிப்பிடுதல் தகும்.

முடிவுரை

லாரி அகற்றும் கசடு கண்ணுக்குத் தெரிவது. நாள்தோறும் வழியும் மேல்நீர் கவனத்திற்கு வராதது. கரிசல் நிலத்தில் ஆற்றுக்கு நேரும் கேட்டில் பின்னதன் பங்கு புறக்கணிக்கத்தக்கதன்று. ஆகவே இப்பகுதியின் திட்டங்கள் கசடு நிலையத்தோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு கண்மாய் முகப்பையும் கணக்கில் கொள்ளவேண்டும். நீரை ஏந்தி நிற்கும் கண்மாயைக் காப்பதே வைப்பாற்றைக் காப்பதன் முதற்படியாகும்.